நெய் வற்றிய சாளை

சாளை பொரிக்கும்போது எங்கள் பக்கத்தில் எண்ணெய் ஊற்றுவது பேருக்குத்தான். மீன் சட்டியில் விழுந்ததும் அதன் நெய்யே ஊறி வரும்; அந்த நெய்யிலேயே அது வேகும். ஐப்பசி, கார்த்திகைச் சாளை என்றால் கழுவும்போதே விரல் வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் மணம் மதியம் வரை கையை விட்டுப் போகாது. மரச்சீனிக்கிழங்கும் சாளைப் புளிமுளமும் தின்று வளர்ந்த நாகர்கோவில்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, வாசலுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் ஒரு கிலோ சாளை வாங்கினேன். சென்னையில் படிக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். நான் கழுவுகிறேன் என்று அவளே அரிவாள்மணைப் பக்கம் உட்கார்ந்தாள். செதிலைச் சுரண்டி, தலையைக் கிள்ளி, ஆள்காட்டி விரலால் வயிற்றைக் கீறித் திறந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

“அத்தே, வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கு. நெய்யும் இல்ல, சினையும் இல்ல. இது சாளைதானா?”

அக்கா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே வாசலிலிருந்து பதில் சொன்னார்: “இப்பம் எல்லாம் இப்படித்தான் மக்ளே. முள்ளும் தோலும்தான்.”

கேள்வி சின்னது. பதில் ஒரு டம்ளர் டீயில் முடிகிறதாக இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கழுவிய மீனை மஞ்சள் தடவி மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தோம். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் விட்டுப்போனதைச் சேர்த்திருக்கிறேன்.

சாளையின் வயிற்றில் நெய் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சாளையை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பேன்சீப்பைவிட நெருக்கமான பற்கள் வரிசையாக இருக்கும். சாளை வேட்டையாடும் மீன் அல்ல. வாயைத் திறந்தபடி நீந்தும். தண்ணீர் அந்தச் சீப்பின் வழியே வெளியேறும். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி சீப்பில் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசிகளில் ஒரு வகைக்கு ஓடு கண்ணாடியாலானது, நாம் ஜன்னலில் போடும் கண்ணாடிக்கும் மூலமான அதே சிலிக்கா. அந்தப் பாசி செழித்தால் சாளை கொழுக்கும். பாசி இல்லையென்றால் சாளைக்கு வேறு பெரிய வழி கிடையாது.

பாசி செழிக்கப் பயிருக்குப் போலவே வெயிலும் உரமும் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது. உரமோ அடியில் கிடக்கிறது. கடலில் செத்ததெல்லாம் கீழே போய் மக்கி அங்கேயே தங்கிவிடும். அதை மேலே கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. ஆனி, ஆடியில் காற்று மேற்குக் கரையை ஒட்டி வீசும்போது, பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகி வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் எழும்பி வருகிறது, குளிர்ச்சியோடும் உரத்தோடும். ஆடி மாதம் கொளச்சல் கடற்கரையில் கால் நனைத்திருக்கிறீர்களா? சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் தண்ணீர் சில்லிட்டிருக்கும். அந்தச் சில்லிப்புதான் மூன்று மாதம் கழித்து நம் சட்டியில் நெய்யாக ஊறுகிறது.

குமரி முனையிலிருந்து வடக்கே கர்நாடகக் கரை வரை நீளும் இந்தப் பட்டைதான் சாளையின் தாய்வீடு. கேரளத்தில் இதற்கு மத்தி என்று பெயர். நாம் சாளை என்கிறோம். நெய் மிகுந்ததை நெய்ச்சாளை என்கிறோம். கிழக்குக் கரையில் பேச்சாளை. ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று ஆண்டு ஆயுள். மழை தொடங்கும் பருவத்தில் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும் நாளும் பாசி பொங்கும் நாளும் பொருந்தி வந்தால் அந்த ஆண்டு கடலெல்லாம் சாளை. பொருந்தாமல் ஒரு மாதம் தள்ளிப்போனால் குஞ்சுகள் பட்டினியில் அழியும். இவ்வளவு குறைந்த ஆயுள் உள்ள மீனுக்கு ஒரு பருவம் தப்புவது பெரிய அடி. இரண்டு பருவம் தொடர்ந்து தப்பினால் சந்தையில் கூடை காலியாகிவிடும்.

இதுவரை நான் கடல் சூடாவதைப் பற்றிப் பேசவில்லை. “கடல் சூடாகுதுன்னு சொல்றாங்களே, அது எங்கே வருது?” என்றாள் அண்ணன் மகள்.

நடுப்பகலில் குளத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும்: இடுப்பு வரை வெதுவெதுப்பு, கால் பக்கம் குளிர்ச்சி. சூடான தண்ணீர் லேசானது, மேலே படுத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழேயே கிடக்கும். மேலே எவ்வளவு சூடு ஏறுகிறதோ அவ்வளவுக்கு இரண்டும் கலக்க மறுக்கும். கடலும் அப்படித்தான். மேல்தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு சூடானால் அடியில் கிடக்கும் உரத்தின்மேல் மூடி போட்டது மாதிரி. காற்று அதே வேகத்தில் வீசினாலும் முன்பு போலக் கிளறிவிட முடியாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு இந்தியப் பெருங்கடலில் நுண்பாசி அறுபது ஆண்டுகளில் இருபது விழுக்காடு வரை குறைந்திருப்பதாகக் கணித்தார்கள். சோற்றுப்பானையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சாளை போன்ற மீனுக்கு நம்மைப் போல் உடம்புச் சூட்டைக் காக்கும் வழி இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. சாளைக்கு 27, 28 டிகிரி தண்ணீர் ஒத்துப்போகிறது. அதற்குமேல் போனால் அது தனக்கு ஒத்த தண்ணீரைத் தேடிப் போகும். மீனவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், மாறினால் மீன் மாறும் என்பதைத் தண்ணீரின் நிறத்திலும் கையில் படும் குளிரிலும் படித்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் சாளை மெலிந்ததற்குக் கடல் சூடானதுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடிக்கக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் தப்பான வைத்தியம் பார்ப்போம்.

கணக்கைப் பாருங்கள். கேரளத்தில் 2012இல் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். அதன்பின் ஏறி இறங்கி, 2021இல் 3,297 டன். நூறு கூடை இருந்த இடத்தில் ஒரு கூடை. ஓமனிலிருந்து வந்த மத்தி கேரளச் சந்தையில் விற்ற ஆண்டுகள் அவை. பிறகு மறுபடி ஏறி, 2024இல் ஒன்றரை லட்சம் டன்னை ஒட்டி வந்துவிட்டது. கடல் சூடு ஒரே திசையில் மெல்ல ஏறும் சங்கதி. அது மட்டுமே காரணமாக இருந்தால் இப்படிப் பாதாளத்துக்குப் போய் மீண்டு வராது. 2015ஐ ஒட்டி வந்த எல் நினோ ஒரு காரணம். 1980களில் கேரளத்தில் பரவிய வளையவலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போனது இன்னொன்று. கூட்டமாகத் திரியும் மீனை ஒரே வளைப்பில் மொத்தமாக அள்ளும் வலை அது, நம் பக்கத்தில் சுருக்குமடி என்பார்கள். சாளையின் இயல்பே பொங்குவதும் வற்றுவதும் என்பது மூன்றாவது. 1940களில் மலபார் கரையில் சாளை வற்றியபோது, சென்னை மாகாண அரசு குஞ்சையும் சினைமீனையும் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. அதை நடைமுறைப்படுத்த முடியாமல் கைவிட்டது. அன்று யாரும் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசவில்லை.

2024இல் மீன் எண்ணிக்கை ஏறியும் ஏன் நெய் இல்லை என்பதற்குக் கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆண்டு மழை வாய்த்தது, பாசி பொங்கியது, வழக்கத்துக்கு மேல் குஞ்சுகள் பிழைத்தன. ஆனால் அத்தனை வாய்க்கும் சோறு காணவில்லை. எல்லாம் நோஞ்சானாக நின்றுவிட்டன. பத்துப் பிள்ளை பெற்ற வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் வயிறு நிறையாத கதைதான். அண்ணன் மகள் கையில் இருந்த சாளை அந்த வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

ஆக, கடல் சூடாவது தனியாக வந்து மீனைக் கொல்வதில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை அது இன்னும் வேகமாக ஆட்டுகிறது. நல்ல ஆண்டு மிக நல்லதாகவும் கெட்ட ஆண்டு மிகக் கெட்டதாகவும் போகிறது. ஊஞ்சல் இப்படி ஆடும்போது நம்முடைய சட்டங்கள் மட்டும் சுவரில் அறைந்த ஆணி மாதிரி ஒரே இடத்தில் நிற்கின்றன. எனக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான்.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் தெரியும்தானே? கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதுவும் 61 நாள். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் கன்னியாகுமரி. சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும் சித்திரையில் கொளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போவார்கள். சின்னமுட்டம் மறுபடி கடலில் இறங்கும்போது கொளச்சல் கட்டிக் கிடக்கும். நீரோடியைத் தாண்டினால் கேரளம்; அங்கே இழுவைமடித் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். ஒரு பேருந்தில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மூன்று நாட்காட்டிகளைக் கடந்துவிடலாம். கடலுக்குள் அந்தக் கோடு எதுவும் கிடையாது. கிழக்கு மேற்கு இரண்டும் சேர்ந்து மூடிக் கிடப்பது ஜூன் 1 முதல் 14 வரை, பதினாலே நாள். அதுவும் விசைப்படகுக்கு மட்டும். கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை இல்லை, இருக்கவும் கூடாது; அன்றாடம் காய்ச்சுபவர்களின் அடுப்பை அணைத்து மீனைக் காக்க முடியாது.

ஆனால் சாளை முட்டையிடுவது அந்த மழைக்காலத்தில்தான். கேரளத்தில் பாரம்பரிய மீன்பிடி என்ற கணக்கில் வளையவலைக்கும் அந்த மாதங்களில் அனுமதி உண்டு. முட்டையிட வரும் தாய்மீன் அந்த வலையில்தான் விழுகிறது. தடை யாருடைய படகை நிறுத்துகிறது என்று பார்த்தால் இழுவைமடிப் படகை. சாளையை அதிகம் பிடிப்பது எது என்று பார்த்தால் வளையவலை. தாழ்ப்பாள் ஒரு கதவிலும் திருடன் இன்னொரு கதவிலும் என்று ஆகிவிட்டது. (திருடன் என்ற சொல்லுக்கு வலைக்காரர்கள் மன்னிக்க வேண்டும். வலை ஒன்றுக்குக் கடன் எத்தனை லட்சம் என்று எனக்கும் தெரியும்.)

தடைத் தேதியைக் குறித்தவர்கள் முட்டாள்கள் அல்லர். தமிழ்நாட்டில் 2001இல் தடை வந்தபோது, அன்றைக்குத் தெரிந்த மீன்களின் முட்டைப் பருவத்தைப் பார்த்துத்தான் குறித்தார்கள். பருவம் இடம் மாறுகிறது என்பதுதான் பின்னால் தெரிந்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ஈ. விவேகானந்தன் சென்னைக் கடலில் பிடிபடும் சங்கரா வகை மீன்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 1981இலிருந்து 2004 வரையான கணக்கில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெயில் மாதங்களில் சினையோடு கிடைக்கும் மீன் குறைந்து, அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர் மாதங்களில் கூடியிருந்தது. அதாவது மீன் தன் பிள்ளைப்பேற்றைக் குளிர்காலத்துக்குத் தள்ளிக்கொண்டது. ஏப்ரல் 15இல் நாம் கதவைச் சாத்தும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கிறது.

அயிலையும் அப்படித்தான், வேறு வழியில். மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் மீன் அது, செவுள்வலையில் விழும். 1980களின் பிற்பகுதியில் பிடிபட்ட அயிலையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கடலின் அடியைத் துழாவும் இழுவைமடியில் விழுந்தது. 2003–07இல் அது பதினைந்து பங்கு. மேலே சூடு தாங்காமல் ஒரு மாடி கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாதிக்கப்படுவது யார்? மேல்தண்ணீரில் வலை விரிக்கும் சின்னப் படகுக்காரர். அவருடைய மீன் அவருக்குத் தெரியாமலே பெரிய படகுக்காரரின் பங்காகிறது. மீன் இடம் மாறினால் மனிதர்களுக்குள் பாகப்பிரிவினையும் மாறிப்போகிறது. இதைக் கவனிக்காத எந்த மீன்வளத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

சாளையின் பாகப்பிரிவினை இதைவிடப் பெரிது. 1980களின் நடுப்பகுதி வரை சோழமண்டலக் கரையில் சாளை பெயரளவுக்குத்தான் கிடைத்தது. பிறகு மெல்ல மெல்ல முனையைச் சுற்றி வந்தது. ராமநாதபுரம், நாகப்பட்டினம், கடலூர், அதையும் தாண்டி ஆந்திரக் கரை என்று ஏறிப் போனது. மேற்கே வடக்காக குஜராத் வரையும் போனது. வாழ்ந்த வீட்டை விட்டுப் போகவில்லை; வீட்டுக்கு இருபுறமும் அறை கட்டிக்கொண்டது. கிழக்குக் கரைக்காரர்களுக்கு இந்த மீனைத் தின்று பழக்கம் இல்லை. கடலூரிலும் நாகையிலும் பிடித்த சாளை பனிக்கட்டியில் அடுக்கி லாரியில் கேரளம் போனது; மிச்சம் மீன்தூள் ஆலைக்குப் போனது. கூட்டமீன் வந்ததும் சுருக்குமடி ஆசை வந்தது. தமிழ்நாடு 2000இலேயே சுருக்குமடிக்குத் தடை போட்டிருந்தது. பிடிப்போம் என்று ஒரு ஊரும் கூடாது என்று பக்கத்து ஊரும் கரையில் மோதிக்கொண்ட ஆண்டுகள் உண்டு. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று ஓர் இடைக்கால ஆணை வந்தது. மீன் நகர்ந்ததால் வந்த தகராறுக்கு மணிக்கணக்கில் தீர்ப்பு. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை; அதற்கு முன்னால் கரையிலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்க ஓர் அமைப்பு இல்லாமல் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

நமக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. வட அட்லாண்டிக்கில் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு வைத்துப் பிடித்துவந்த அயிலையின் உறவுமீன் ஒன்று 2000களின் நடுவில் ஐஸ்லாந்துக் கடலுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தண்ணீருக்கு வந்தது எங்கள் மீன் என்று ஐஸ்லாந்து 2010இல் தனக்குத்தானே 1,30,000 டன் பங்கு அறிவித்துக்கொண்டது. பழைய பங்காளிகள் தங்கள் பங்கைக் குறைக்கவில்லை. எல்லாப் பங்கையும் கூட்டினால் கடல் தாங்கும் அளவைவிட அதிகம். சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நல்ல அளவைக் கருவியும் பணமும் உள்ள நாடுகளுக்கே அந்த நிலை.

“அப்போ யாருமே சரியாச் செய்யலையா?” என்று கேட்டாள். டீ ஆறிப்போயிருந்தது. சூடுபண்ணிக்கொண்டு வந்தேன்.

ஓர் உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியாவில், சான் டியேகோவை ஒட்டி ஸ்க்ரிப்ஸ் என்ற கடல் ஆய்வு நிறுவனம். அதன் கடற்பாலத்தில் 1916இலிருந்து தினமும் கடல்நீரின் சூட்டை அளந்து எழுதி வருகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஓர் ஆள் போய் வாளியை இறக்கிப் பார்ப்பது மாதிரியான வேலை. பெரிதாகத் தோன்றாது. ஆனால் அமெரிக்க மேற்குக் கரையில் சாளையின் பங்காளிமீன் ஒன்றை எவ்வளவு பிடிக்கலாம் என்று விதி எழுதியபோது, அந்தச் சூட்டைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். விதி இப்படிப் போகிறது: கடலில் எவ்வளவு சாளை இருக்கிறது என்று மதிப்பிடு. அதிலிருந்து 1,50,000 டன்னைக் கழி. அது விதைநெல், தொடக் கூடாது. மிச்சத்தில் ஒரு பங்கைப் பிடி. அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கடந்த மூன்று ஆண்டின் கடல்சூடு சொல்லும். அவர்களுடைய சாளைக்குக் குளிர் ஆகாது. அதனால் கடல் குளிர்ந்தால் பங்கு சுருங்கும். பின்னால், ஒரே பாலத்தில் எடுத்த அளவு போதாது என்று தெரிந்ததும் கடலுக்குள் பல இடங்களில் எடுத்த அளவுக்கு மாறினார்கள். 2015இல் மதிப்பீடு 1,50,000 டன்னுக்குக் கீழே இறங்கியது. முக்கியப் பிடிப்பு நின்றது.

அந்த விதி சாளையைக் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வற்றத்தான் செய்தது. ஆனால் விதைநெல்லை எடுத்துத் தின்னாமல் நிறுத்தும் ஒரு தாழ்ப்பாள் முன்கூட்டியே அதில் இருந்தது. யாரும் போராடி, வழக்குப் போட்டு, மனு கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நம் கடலில் அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஒரு வலையில் நாற்பது வகை மீன் விழும் கடல் இது; டன் கணக்கில் பங்கு பிரித்து, ஒவ்வொரு துறையிலும் எடை பார்க்க ஆள் போட முடியாது. ஆனால் அளவு பார்க்க முடியும். கேரளம் 2015இல் பதினான்கு மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் என்று சட்டம் போட்டு, பின்னால் அதை 58 ஆக்கியது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. அதைவிடக் குட்டையானதைக் கரைக்குக் கொண்டுவந்தால் அபராதம். நீளத்துக்கு நாட்காட்டி தேவையில்லை. பருவம் முன்னே வந்தாலும் பின்னே போனாலும் குஞ்சு குஞ்சுதான். இந்தச் சட்டம் நீரோடிக்கு அந்தப் பக்கம் ஒன்றாகவும் இந்தப் பக்கம் ஒன்றாகவும் இருந்தால் பலன் பாதிதான். ஒரே மீன் கூட்டத்துக்கு ஒரே அளவுகோல் வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் ஆந்திரமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். தண்ணீருக்காக ஆணையம் வைக்கத் தெரிந்த நமக்குத் தண்ணீரில் உள்ளதற்கு வைக்கத் தெரியாதா?

“மீனாவது நீந்திப் போகும். போக முடியாததெல்லாம் என்ன செய்யும் அத்தே?”

நல்ல கேள்வி. திண்ணையிலிருந்து பார்த்தால் வடக்கே மலை தெரியும். அகத்தியமலைத் தொடரிலும் அதற்கு வடக்கே ஆனைமலை, நீலகிரி வரைக்கும் உச்சிப் புல்வெளிகளில் வரையாடு வாழ்கிறது, நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என்று எண்ணினார்கள். குளிர்ந்த புல்வெளி அதற்கு வேண்டும். கீழே சூடு ஏறினால் மேலே போகும். மேலே போனால் ஓரிடத்தில் மலை முடிந்துவிடும். அதற்கு மேல் வானம்தான். வரையாட்டுக்குச் செய்யக்கூடியது, இருக்கும் புல்வெளியில் சீகை மரம் ஏறாமல் பார்ப்பதும், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போகும் வழியை அடைக்காமல் விடுவதும். கடலில் கோடுகளை அழிக்கச் சொன்ன நான் மலையில் வழியைத் திறக்கச் சொல்கிறேன், இரண்டும் ஒரே வேலைதான்.

ஆமை இன்னும் விசித்திரம். பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் சிற்றாமை தை முதல் பங்குனி வரை நம் கரையில் முட்டையிடும். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதைத் தாயும் தகப்பனும் தீர்மானிப்பதில்லை. மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 29, 30 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். மணல் அதைவிடச் சூடானால் பெண்ணாகவே பிறக்கும், குளிர்ந்தால் ஆணாக. நாய்க்கும் நரிக்கும் தப்புவிக்க முட்டையை எடுத்து வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அந்த மணல் நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் நாம் காப்பாற்றி அனுப்புவது முழுக்கப் பெண்குஞ்சுகளை. அதற்குத் தீர்வு என்ன தெரியுமா? மேலே ஒரு பந்தல். தென்னங்கீற்றோ நிழல்வலையோ போட்டு, மணலுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி, சூட்டைப் பார்த்துப் பார்த்து நிழலைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது. முட்டை பொரிய ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். அதில் நடுவில் உள்ள மூன்றில் ஒரு பங்கு நாட்கள்தான் பாலைத் தீர்மானிக்கும் நாட்கள். அந்த நாட்களில் பந்தலுக்குக் காவல் இருந்தால் போதும். பருவநிலை மாற்றத்துக்கு எதிராக ஒரு மனிதர் தன் கையால் செய்யக்கூடிய வேலைகளில் இவ்வளவு எளிதானதும் நேரடியானதும் வேறொன்றை நான் கண்டதில்லை.

பந்தலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கேட்டு அலுத்துவிட்டது போல என்று நினைத்தேன். பள்ளிக்காலத்து ஸ்கேல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். மஞ்சள் தடவி வைத்த சாளையைத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். தலையைக் கிள்ளியாகிவிட்டதே, எப்படி அளப்பது என்று கேட்டேன். கழுவாமல் ஒதுக்கி வைத்திருந்த பத்து மீன் இருந்தது. வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டரை. பதினொன்று. பதின்மூன்று. மறுபடி பன்னிரண்டு.

“பத்துக்கு மேலதான் இருக்கு. அப்போ கேரளச் சட்டப்படி சரி,” என்றாள்.

சட்டப்படி சரி. ஆனால் சாளை பொதுவாக 14, 15 செ.மீ. எட்டும்போதுதான் முதல்முறை சினைப்படும் என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்ததை மெல்லத் தட்டில் வைத்தாள்.

பிறகு அந்தப் பத்து அளவையும் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கிழித்து என்னிடம் கொடுத்தாள். சாளை வாங்கும் ஒவ்வொரு நாளும் பத்து மீனை அளந்து, வயிற்றில் நெய் உண்டா, சினை உண்டா என்றும் எழுதி அனுப்ப வேண்டும் என்று கட்டளை. சென்னைக்கு ரயில் ஏறும்போதும் நினைவுபடுத்தினாள். தை பிறக்கும்வரை பதினேழு தாள் சேர்ந்தது. மீன் கொண்டுவரும் அக்கா இப்போது கூடையை இறக்கியதும் ஸ்கேல் எங்கே என்று அவரே கேட்கிறார். மார்கழி நடுவில் ஒரு நாள் அவர் ஒரு மீனைத் தனியாக எடுத்து நீட்டினார். பதினாறு செ.மீ., வயிறு தடித்திருந்தது. அதை அளந்துவிட்டுச் சட்டியில் போட்டேன். ஓரத்தில் நெய் லேசாக ஊறியது.